பாங்குகளின் பச்சை எந்தப் பேரேட்டில்?

பாங்குகள் பச்சை வர்ணம் பூசிக்கொள்ளத் தொடங்கிப் பல வருஷங்களாகின்றன. பச்சை டெபாசிட், பச்சைப் பத்திரம், பச்சைக் கடன், பச்சைக் கவுண்ட்டர் என்று பெயர்கள் பெருகிக்கொண்டே போகின்றன. காகிதத்தைக் குறைத்தோம், கூரையில் சூரியத் தகடு போட்டோம், மரக்கன்று நட்டோம் என்று வருஷாந்திர அறிக்கைகளில் வண்ணப் படங்களோடு அச்சிடுகிறார்கள். பூமி சூடேறிக்கொண்டிருக்கிறது. மழை தவறுகிறது, தவறாத ஊரில் ஒரே நாளில் கொட்டித் தீர்க்கிறது. இந்தச் சமயத்தில் பணத்தைக் கையில் வைத்திருக்கும் ஸ்தாபனங்கள் இயற்கையைப் பற்றிக் கவலைப்படுவது நல்லதுதான். அதை நாம் வரவேற்கிறோம்.

ஆனால் பாங்கின் தொழில் என்ன? ஊரார் பணத்தை வாங்கிக் கடன் கொடுப்பது. ஆகவே ஒரு பாங்கு பச்சையா என்று அறிய அதன் கட்டடத்தைப் பார்த்துப் பயனில்லை. கடன் பேரேட்டைப் புரட்டிப் பார்க்க வேண்டும். யாருக்குக் கடன்? எதற்குக் கடன்? என்ன வட்டிக்கு? மழை பொய்த்தால் நஷ்டம் யார் தலையில்? இந்த நான்கு கேள்விகளையும் தேனி ஜில்லாவில், கம்பம் பள்ளத்தாக்கில் நின்று கேட்டுப் பார்ப்போம்.

காற்றாலையும் நிலக்கரியும்

முதலில், இதுவரை நடந்தது என்ன?

2007 டிசம்பர் 20 அன்று ரிசர்வ் பாங்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. பாங்குகள் தம் தொழிலில் சுற்றுச்சூழலையும் சமுதாயத்தையும் கருத்தில் கொள்ள வேண்டும் என்பது அதன் சாரம். அது யோசனைதான், கட்டளையல்ல. 2010இல் ஸ்டேட் பாங்கு தமிழ்நாடு, மகாராஷ்டிரம், குஜராத் ஆகிய ராஜ்யங்களில் மொத்தம் 15 மெகாவாட் சக்தியுள்ள 10 காற்றாலைகளைத் தன் சொந்த உபயோகத்துக்காக நிறுவியது. கோவைக்கு அருகிலுள்ள பனப்பட்டியில் துவக்க விழா நடந்தது. அதே வருஷம் ஜூலை 1 முதல், சீட்டு எழுதாமலே பணம் போடவும் எடுக்கவும் பச்சைக் கவுண்ட்டர் வந்தது. 2015 பிப்ரவரியில் எஸ் பாங்கு 1,000 கோடி ரூபாய்க்கு இந்தியாவின் முதல் பச்சைப் பத்திரத்தை வெளியிட்டது. அந்த ஏப்ரலில் சூரிய மின்சாரம் போன்றவற்றுக்கான கடனையும் முன்னுரிமைக் கடன் பட்டியலில் ரிசர்வ் பாங்கு சேர்த்தது. 2023 ஜனவரியிலும் பிப்ரவரியிலும் மத்திய சர்க்காரே 16,000 கோடி ரூபாய்க்குப் பச்சைப் பத்திரம் விற்றது.

இவற்றில் எதையும் நாம் ஏளனம் செய்யவில்லை. நிலக்கரியை எரித்து எடுக்கும் மின்சாரத்தைவிடக் காற்றில் எடுக்கும் மின்சாரம் மேல்தான். ஆனால் ஏட்டின் மறுபக்கத்தையும் படிக்க வேண்டாமா? பனப்பட்டியில் காற்றாலைக்கு விழா எடுத்த அதே ஸ்டேட் பாங்கு, 2014 நவம்பரில், ஆஸ்திரேலியாவில் அதானி கம்பெனியின் கார்மைக்கேல் நிலக்கரிச் சுரங்கத் திட்டத்துக்கு 100 கோடி டாலர் வரை கடன் கொடுப்பதற்குப் புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்துகொண்டது. அங்குள்ள மக்கள் இதைக் கண்டித்தார்கள். 2020 நவம்பர் 27 அன்று சிட்னி கிரிக்கெட் மைதானத்தில், இந்திய அணி ஆடிக்கொண்டிருந்த ஆட்டத்தின் நடுவிலேயே, அந்தப் பாங்கின் பெயரைச் சொல்லிக் கண்டன அட்டையோடு ஒருவர் இறங்கிவிட்டார். பச்சைப் பத்திரத்தில் முதற்பெயர் எடுத்த எஸ் பாங்கின் கதையும் தெரிந்ததே. வாராக் கடன்களில் மூழ்கிய அதை 2020 மார்ச்சில் ரிசர்வ் பாங்கு தன் பிடிக்குள் கொண்டுவந்தது. ஸ்டேட் பாங்கு முதலானவை பணம் போட்டுத் தூக்கி நிறுத்தின.

வாசலில் தோரணம் பச்சை. பெட்டகத்தில் பணம் எந்த நிறம் என்பது வேறு விஷயம் என்றல்லவா ஆகிறது?

சலுகை யாருக்கு?

வட்டிக்கு வருவோம். 2019 ஏப்ரலில் ஸ்டேட் பாங்கு மின்சாரக் கார் வாங்குகிறவர்களுக்குப் பச்சைக் கார்க் கடன் அறிவித்தது. மற்றக் கார்க் கடனைவிட வட்டி 0.20 சதவீதம் குறைவு. கார் வாங்கக்கூடியவருக்கு இது ஆதாயம். 2024 ஜனவரியில் அதே பாங்கு பச்சை டெபாசிட் தொடங்கியது. 1,111 நாள், 1,777 நாள், 2,222 நாள் என்று மூன்று கெடுக்கள். இங்கே டெபாசிட்காரருக்கு வட்டி 0.10 சதவீதம் குறைவு. அதாவது ஒரு லட்சம் போட்டவர் பூமியின் நன்மைக்காக வருஷத்துக்கு 100 ரூபாய் விட்டுக்கொடுக்கிறார். நல்ல மனசுதான். அந்த 100 ரூபாய் சொட்டுநீர்க் குழாய் போடும் விவசாயியின் கடன் வட்டியில் குறைந்ததா?

குறைக்க வேண்டும் என்று விதி கேட்கவில்லை. 2023 ஏப்ரல் 11இல் ரிசர்வ் பாங்கு பச்சை டெபாசிட்டுக்கான விதிமுறையை வெளியிட்டது. ஜூன் 1இல் அமுலுக்கு வந்தது. இந்தப் பணத்தை நிலக்கரி, எண்ணெய் தோண்டும் வேலைக்கும், சாராயம், புகையிலை, ஆயுதம், சூதாட்டத்துக்கும் கொடுக்கக் கூடாது. சூரிய மின்சாரம், நீர் சேமிப்பு, மண் வளம், காடு வளர்ப்பு, பருவநிலை மாற்றத்தைத் தாங்கும் ஏற்பாடு போன்றவற்றுக்குக் கொடுக்கலாம். பணம் போன இடத்தை வருஷந்தோறும் வெளியார் ஒருவர் சரிபார்க்க வேண்டும். இவையெல்லாம் நல்ல அம்சங்கள். ஆனால் பச்சை டெபாசிட் வாங்கியே தீர வேண்டும் என்று எந்தப் பாங்குக்கும் கட்டாயமில்லை. வாங்கிய பணத்தைச் சொன்ன வேலைக்கு முழுவதும் கொடுக்காவிட்டால் அபராதமும் விதிக்கப்படவில்லை. கடன் வாங்குகிறவருக்கு வட்டி குறையும் என்ற வார்த்தையும் அதில் இல்லை.

பள்ளத்தாக்கின் நிலைமை

இனி நம் பள்ளத்தாக்கைப் பார்ப்போம். மேற்கே ஏலமலை, கிழக்கே மேகமலை, நடுவே முல்லைப் பெரியாறு. 1895இல் கட்டி முடித்த அணையின் தண்ணீரில் இங்கே 14,707 ஏக்கர் இருபோக நெல் விளைகிறது. கால்வாய் ஏறாத மேட்டு நிலத்தில் கிணற்றை நம்பி வாழை, திராட்சை, காய்கறி. சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, நாராயணத்தேவன்பட்டிப் பக்கம் பந்தல் பந்தலாகத் தொங்கும் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பெருமைதான்.

அந்தப் பந்தலுக்கு அடியில் நிற்கும் விவசாயியின் கணக்கு என்ன? கல்தூண், கம்பி, கிணறு, மோட்டார் என்று முதலிலேயே பெருந்தொகை முடங்குகிறது. கவாத்து முடிந்து கொடி தழைக்கும்போது மழை பிடித்தால் செவட்டை நோய். பழுக்கும்போது மழை கொட்டினால் பழம் வெடிக்கிறது. ஆகவே மருந்தடிப்பு. மழை தாறுமாறாகப் போகப் போக மருந்துச் செலவும் ஏறுகிறது; அந்த மருந்து மண்ணிலும் கிணற்றிலும் தெளிக்கிற கூலியாளின் நுரையீரலிலும் இறங்குகிறது. இந்தச் சுழலிலிருந்து வெளியே வர அவர் விரும்பவில்லையா? விரும்புகிறார். ஆனால் இயற்கை முறைச் சான்றிதழுக்கு, திராட்சை போன்ற நெடுநாள் பயிரில் மூன்று வருஷம் மாற்றக் காலம் என்று விதி. அந்த மூன்று வருஷமும் விளைச்சல் இறங்கலாம்; விலையோ சாதாரண விலைதான். அந்த நஷ்டத்தை யார் சுமப்பது?

பச்சைக் கடன் என்று ஒன்று இருந்தால் அதன் வேலை இங்கேதான். ஆனால் இங்கே கிடைப்பது எது? வருஷப் பயிர்க் கடன். 3 லட்சம் ரூபாய் வரை 7 சதவீதம். கெடு தவறாமல் கட்டினால் 4 சதவீதம். கூட்டுறவுச் சங்கத்தில் ஒழுங்காகக் கட்டினால் வட்டியே இல்லை. இவை விவசாயிகள் போராடிப் பெற்ற சலுகைகள். இவற்றின் அருமை நமக்குத் தெரியும். ஆனால் இவையெல்லாம் ஒரு பருவத்து விதை, உரம், மருந்து, கூலிக்கான குறுகிய காலக் கடன்கள். மண்ணை மாற்ற, கிணற்றுக்கு ஊற்று சேர்க்க, பந்தலை மழை தாங்கும்படி திருத்த வேண்டுமானால் நீண்ட காலக் கடன் வேண்டும். அதற்கு இந்த வட்டிச் சலுகை கிடையாது. அறுவடைக்குப் பிந்திய கிடங்குக்கு 2020இல் வந்த நிதியிலிருந்து 3 சதவீத வட்டிக் கழிவு உண்டு. கிடங்குக்கு உள்ள கவலை தோட்டத்துக்கு வேண்டாமா? சொட்டுநீர்க் குழாய்க்குச் சிறு, குறு விவசாயிகளுக்கு ராஜ்ய சர்க்கார் முழு மானியம் தருகிறது. குழாய் வந்துவிடும், மாற்றக் காலத்து மூன்று வருஷச் சோற்றுக்கு என்ன வழி?

இதுவும் பட்டா உள்ளவர் கதைதான். குத்தகைக்கு எடுத்து உழைப்பவரிடம் பட்டா ஏது? குத்தகையைப் பதிவு செய்ய 1969இலேயே சட்டம் வந்தது. ஆனாலும் வாய்ச்சொல் குத்தகைதான் ஊரெங்கும் ஓடுகிறது. அடங்கலில் பெயர் இல்லாதவர் பாங்குப் படி ஏறினால் வெறுங்கையோடு திரும்புகிறார். பிறகு நகையை அடகு வைக்கிறார், அல்லது வட்டிக்காரரிடம் போகிறார். அவருடைய மண்ணும் இதே பூமியின் மண்தானே?

ஆண்டிபட்டிப் பக்கத்து மேட்டுக் காடுகளில் சுழலும் காற்றாலைகளைப் பாருங்கள். கம்பம் கணவாயில் புகுந்து வரும் காற்று நம் காற்று. ஆனால் நாடெங்கும் காற்றாலைகளை நட்டவர்களில் பெரும்பாலோர் மில் முதலாளிகளும் கம்பெனிகளுமே. காற்றாலையின் விலையில் 80 சதவீதத்தை முதல் வருஷமே தேய்மானமாகக் கழித்து வருமான வரியை மிச்சம் பிடிக்கலாம் என்ற சலுகை 2012 வரை இருந்தது. 2014இல் திரும்ப வந்தது. 2017 ஏப்ரலில் 40 சதவீதமாகக் குறைந்தது. பெரிய முதலுக்குப் பச்சை வழி திறக்க வேண்டுமென்றால் வரிச் சட்டமே வளைகிறது. 2024 பிப்ரவரியில் தொடங்கிய வீட்டுக் கூரைச் சூரிய மின்சாரத் திட்டத்தில் 78,000 ரூபாய் வரை மானியம் உண்டு. பாங்குக் கடனும் உண்டு. சொந்தக் கூரை உள்ளவருக்கு உதவும். விடியுமுன் ஜீப்பில் நெருங்கி உட்கார்ந்து போடி மெட்டும் கம்பம் மெட்டும் ஏறி ஏலத்தோட்டத்துக் கூலிக்குப் போகிறவர்களில் எத்தனை பேருக்குத் தகடு தாங்கும் சொந்தக் கூரை இருக்கிறது?

கிராம பாங்குக்குக் கதவடைப்பு

இதைவிட விசித்திரமான விஷயம் ஒன்று உண்டு. 2023இன் பச்சை டெபாசிட் விதிமுறை எந்தப் பாங்குகளுக்கு? பெரிய வர்த்தக பாங்குகளுக்கும், சிறு நிதி பாங்குகளுக்கும், டெபாசிட் வாங்கும் நிதிக் கம்பெனிகளுக்கும். பிராந்திய கிராம பாங்குகளுக்கு அதில் இடமில்லை. கூட்டுறவு பாங்குகளும் அந்த வரம்புக்கு வெளியே. 2024 பிப்ரவரி 28இல் ரிசர்வ் பாங்கு வெளியிட்ட நகல் விதி, பருவநிலை அபாயத்தைப் பற்றிப் பாங்குகள் கணக்குக் காட்ட வேண்டும் என்றது. அதிலும் கிராம பாங்குகளுக்கு விலக்கு.

தென் ஜில்லாக்களுக்காக 1977இல் தொடங்கிய பாண்டியன் கிராம பாங்கு 2019 ஏப்ரல் 1இல் பல்லவன் கிராம பாங்கோடு சேர்ந்து தமிழ்நாடு கிராம பாங்கு ஆயிற்று. சிறு விவசாயிக்கும் மகளிர் குழுவுக்கும் கிட்டத்தில் இருப்பது இதுவும், ஊர்க் கூட்டுறவுச் சங்கமும்தான். சின்ன ஸ்தாபனங்களுக்குக் கணக்கெழுதும் பாரம் வேண்டாம் என்று விலக்கியிருக்கலாம். ஆனால் விளைவு என்ன? எந்தப் பாங்கு வயலுக்கு அருகில் இருக்கிறதோ அது பச்சைப் பணத்துக்குத் தூரமாகிவிட்டது. பெரிய பாங்குகள் நகரத்தில் பச்சை டெபாசிட் திரட்டும், பெரிய சூரியப் பூங்காக்களுக்கும் உயர்ந்த கட்டடங்களுக்கும் கொடுக்கும், கணக்கு சரியாகிவிடும். வருஷநாட்டு மலையில், வைகை பிறக்கும் இடத்தில், தடுப்பணையும் மண்வரப்பும் போடச் சின்னக் கடன் கேட்பவர் அந்தக் கணக்கில் எங்கே வருவார்?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். காகிதமில்லாத பாங்கு என்று தொடங்கியது ஆளில்லாத பாங்கு என்று முடியக் கூடாது. சீட்டு எழுதிக்கொடுக்கவும், விதியை விளக்கவும், வயலை நேரில் பார்க்கவும் ஊழியர் வேண்டும். மரத்தைக் காப்பாற்றும் பெயரால் ஆளைக் குறைப்பது பச்சை அல்ல. சிக்கனத்துக்குப் போட்ட மாறுவேஷம்.

அபாயம் யாருக்கு?

2022 ஜூலையில் ரிசர்வ் பாங்கு ஒரு விவாதக் கட்டுரை வெளியிட்டது. வெள்ளம், வறட்சி, புயலால் கடன்கள் திரும்பாமல் போகும் அபாயம் பாங்குகளுக்கு உண்டு என்று அது எச்சரித்தது. 2024 அக்டோபரில், இத்தகைய அபாயத் தகவல்களைத் திரட்டும் ஏற்பாட்டையும் அறிவித்தது. உண்மையான எச்சரிக்கைதான். 2024 கோடையில் இடுக்கி மலையில் வெயிலும் வறட்சியும் தாக்கி ஏலச் செடிகள் கருகின. தோட்டக்காரருக்கு விளைச்சல் போயிற்று. கீழேயிருந்து மலையேறும் கூலியாளுக்கு வேலை நாள் போயிற்று. ஏலக்காய் வியாபாரத்தை நம்பிய போடியில் அதன் வலி தெரிந்தது.

ஆனால் கவனிக்க வேண்டும். அந்தக் கட்டுரை பேசுவது பாங்குக்கு வரும் அபாயம். அதற்குப் பாங்கு கண்டுபிடிக்கும் சுலபமான மருந்து என்ன? அபாயம் உள்ள இடத்தில் கடனைக் குறைப்பது, அல்லது வட்டியை ஏற்றுவது. மழை மறைவில் கிடக்கும் ஆண்டிபட்டித் தாலுகாவை வரைபடத்தில் சிவப்பாகக் காட்டி, இங்கே கடன் ஆகாது என்று ஒரு நாள் சொல்லிவிட்டால், பூமியைச் சூடாக்காத மானாவாரி விவசாயிதான் பூமி சூடானதற்கு முதல் தண்டனை அனுபவிப்பான். இந்த ஆபத்தை நாம் இப்போதே சுட்டிக்காட்டுகிறோம்.

இயற்கைச் சேதத்துக்கு நிவாரணம் உண்டே என்பார்கள். 2018இல் ரிசர்வ் பாங்கு தொகுத்த உத்தரவின்படி, பயிர்ச் சேதம் 33 சதவீதத்தைத் தொட்டால் தவணையை 2 வருஷம் வரை நீட்டலாம். 50 சதவீதத்தைத் தாண்டினால் 5 வருஷம் வரை. சேதத்தைச் சர்க்கார் அளந்து அறிவிக்க வேண்டும். அதன் பிறகே பாங்குகள் கூடி முடிவெடுக்கும். ஒரு ராத்திரிச் சூறைக்காற்றில் ஒரு ஊரின் வாழை மட்டும் சாய்ந்தால் அந்த அறிவிப்பு எப்போது வரும்? வந்தாலும் தவணைதான் நீள்கிறது, கடன் குறைவதில்லை. இந்த 33 சதவீதக் கண்டிப்பு பெரிய இடத்தில் இருந்ததா? 2014-15 முதல் 2023-24 வரை பத்து வருஷத்தில் பாங்குகள் தள்ளி எழுதிய கடன் 16.35 லட்சம் கோடி ரூபாய், அதில் 9.27 லட்சம் கோடி பெருந்தொழில்களுடையது. 2025 மார்ச்சில் பார்லிமெண்டில் சர்க்காரே தந்த கணக்கு இது. தள்ளி எழுதினாலும் வசூல் முயற்சி தொடரும் என்கிறார்கள். தொடரட்டும். அவ்வளவு பெரிய நஷ்டத்தைத் தாங்கிய பாங்குகள், மூன்று வருஷ மாற்றக் காலத்தைத் தாங்க முடியாது என்று ஒரு திராட்சை விவசாயியிடம் சொல்லலாமா?

முடியாத காரியமா?

பக்கத்து வங்காளதேசத்தைப் பாருங்கள். 2009இல் அந்நாட்டு மத்திய பாங்கு, பச்சைக் காரியங்களுக்குக் கடன் கொடுக்கும் பாங்குகளுக்கு மறுநிதி கொடுக்க 200 கோடி டாக்கா ஒதுக்கியது. 2011இல் பச்சை பாங்குக் கொள்கை வகுத்தது. 2016 ஜனவரி முதல், கொடுக்கும் கடனில் குறைந்தது 5 சதவீதம் பச்சைக் கடனாக இருக்க வேண்டும் என்று இலக்கு வைத்தது. மின்கம்பி போகாத கிராமங்களில் சிறு தவணைக் கடனில் 40 லட்சத்துக்கு மேற்பட்ட வீடுகளில் சூரிய விளக்கு எரிந்தது. அங்கே எல்லாம் சரியாகிவிட்டது என்று நாம் சொல்லவில்லை. ஏழை நாட்டிலும் மத்திய பாங்கு நினைத்தால் இலக்கு வைக்க முடியும், சின்னக் கடனும் பச்சைக் கடனாக முடியும் என்பதற்கு இது சாட்சி.

நம் நாட்டுக்கும் இது புதிதல்ல. 1954இல் வெளிவந்த கிராமக் கடன் விசாரணை அறிக்கையைப் புரட்டினால், அன்று விவசாயியின் கடனில் வர்த்தக பாங்குகளின் பங்கு 100க்கு 1 கூட இல்லை, கூட்டுறவின் பங்கு 3 சொச்சம், பெரும்பங்கு வட்டிக்காரர்களுடையது. 1955இல் ஸ்டேட் பாங்கு பிறந்தது. 1969 ஜூலை 19இல் 14 பாங்குகள் தேசியமயமாயின; 1980இல் இன்னும் 6. அதன் பின்தான் கடனில் 40 சதவீதம் முன்னுரிமைத் துறைக்கு, 18 சதவீதம் விவசாயத்துக்கு, இப்போது 10 சதவீதம் சிறு, குறு விவசாயிகளுக்கு என்ற விதிகள் நிலைத்தன. பாங்குகள் தாமாக மனமிரங்கித் தந்தவை அல்ல இவை. மக்கள் கேட்டார்கள், ஊழியர்கள் கேட்டார்கள், சட்டம் வந்தது, பணம் கிராமத்துக்கு நடந்தது. பச்சைப் பணமும் அப்படித்தான் நடக்கும்.

ஆகவே நாம் கேட்பது:

முதலாவது, சிறு, குறு விவசாயிகளுக்கான 10 சதவீதத்துக்குள்ளேயே மண், நீர், இயற்கை முறை மாற்றத்துக்கென ஒரு பங்கைக் கட்டாயமாக ஒதுக்க வேண்டும்.

இரண்டாவது, கிராம பாங்கும் கூட்டுறவு பாங்கும் பச்சை நிதிக்குள் வர வேண்டும். கணக்கெழுதும் செலவையும் மறுநிதியையும் நபார்டு ஏற்க வேண்டும்.

மூன்றாவது, மருந்தைக் குறைத்து மாறும் விவசாயிக்கு, மாற்றக் காலம் மூன்று வருஷமும் தவணை கேட்காத நீண்ட காலக் கடன் வேண்டும். ஏக்கருக்கு இவ்வளவு என்று வருஷந்தோறும் கடன் அளவை வகுக்கும் ஜில்லாக் குழு, இந்த மாற்றத்துக்கும் அளவு வகுக்க வேண்டும்.

நான்காவது, பட்டா இல்லாத குத்தகை விவசாயிக்கு, அவர் உழுகிறார் என்ற ஊர் அத்தாட்சியின் பேரில் இந்தக் கடன் கிடைக்க வேண்டும்.

ஐந்தாவது, பருவநிலை அபாயத் தகவலை நிவாரணத்தை விரைவுபடுத்த மட்டுமே உபயோகிக்க வேண்டும். அதைக் காட்டி எந்த ஊருக்கும் கடனை மறுக்கவோ வட்டியை ஏற்றவோ கூடாது.

ஆறாவது, தேனி ஜில்லாவில் எந்தப் பாங்கு எவ்வளவு பச்சைக் கடனை யாருக்குக் கொடுத்தது என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பெயரைச் சொல்லாமல் தொகையையும் நிலத்தின் அளவையும் சொல்லி, தமிழில் ஊர்ப் பலகையில் ஒட்ட வேண்டும்.

ஆறாவது கோரிக்கையை நாம் குறிப்பாக வற்புறுத்துகிறோம். அந்தக் கணக்கு ஒரு முறை வெளியே வந்துவிட்டால் மற்ற ஐந்தையும் கேட்கும் வாய்கள் தாமே பெருகும். பள்ளத்தாக்கின் விவசாய சங்கங்களும், தோட்டத் தொழிலாளர்களும், மகளிர் குழுக்களும், பாங்கு ஊழியர்களும் சேர்ந்து முதலில் அந்தக் கணக்கைக் கேட்கட்டும். பாங்கு வாசலில் நின்று கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: எங்கள் ஊர்ப் பணத்தில் எங்கள் மண்ணுக்கு எவ்வளவு?